சிரிப்பு வாயு தந்தவரின் சோகம்

ஹோரேஸ் வெல்ஸ், 1815-ல் பிறந்த அமெரிக்கப் பல் டாக்டர். அந்நாளில் மயக்க மருந்து கிடையாது. பல் பிடுங்குவது நரக வேதனை.

1844 டிசம்பர் 10-ல் ஹார்ட்போர்டு நகரில் சிரிப்பு வாயு வேடிக்கைக் காட்சி நடந்தது. வாயுவை முகர்ந்த ஒருவருக்குக் காலில் அடிபட்டும் வலி தெரியவில்லை. இதைக் கவனித்த வெல்ஸ், மறுநாளே அதை முகர்ந்து தமது பல்லைப் பிடுங்கச் செய்தார். வலிக்கவில்லை!

1845-ல் பாஸ்டனில் செய்து காட்டியபோது வாயு போதவில்லை. நோயாளி கத்தினார், கூடியிருந்தோர் ஏளனம் செய்தனர். மனமுடைந்த வெல்ஸ் பின்னர் குளோரோபாரத்துக்கு அடிமையானார். 1848-ல் நியூயார்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். வயது 33.

இன்று இந்த வாயுவைப் பிராண வாயு கலந்தே கொடுக்கிறார்கள். தனியாகக் கொடுத்தால் ஆபத்து. 2011-ல் நாகர்கோவிலில் பிராண வாயுவுக்குப் பதில் தவறுதலாக இது கொடுக்கப்பட்ட பெண், நினைவு திரும்பாமலே மறு ஆண்டு இறந்தார்.