பீரோ மேல் இருக்கும் பெரிய உறை

அநேகமாக நம் எல்லார் வீட்டிலும் பீரோவுக்கு மேலோ மெத்தைக்கு அடியிலோ ஒரு பெரிய உறை இருக்கும். பாட்டியின் முழங்கால், அப்பாவின் நெஞ்சு, பையன் சைக்கிளிலிருந்து விழுந்தபோது எடுத்த மணிக்கட்டு என்று எக்ஸ்ரே படங்கள் அதற்குள் கிடக்கும். வீடு சுத்தம் செய்யும்போதெல்லாம் தூக்கிப் போடலாமா வேண்டாமா என்று ஒரு விவாதம் நடக்கும். அந்தப் படங்களுக்கு வழிசெய்தவர் வில்ஹெல்ம் ராண்ட்ஜன். நவம்பர் 8 உலகக் கதிரியல் நாள். அவர் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த நாளும் அதுதான். அதனால் இந்தக் காலாண்டு இதழில் அவர் கதை.

பள்ளிச் சான்றிதழ் இல்லாத பேராசிரியர்

ராண்ட்ஜன் 1845 மார்ச் 27 அன்று ஜெர்மனியில் லென்னெப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. பையனுக்கு மூன்று வயதானபோது குடும்பம் அம்மாவின் நாடான நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. உட்ரெக்ட் நகரில் படித்தபோது ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக யாரோ வரைந்துவிட்டார்கள். வரைந்தவர் ராண்ட்ஜன் இல்லை. ஆனால் வரைந்தது யார் என்று சொல்ல மறுத்ததால், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார். பள்ளி இறுதிச் சான்றிதழ் கைக்கு வரவே இல்லை.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் நுழைவுத் தகுதி பார்த்துச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி ஒன்று சூரிச் நகரில் இருப்பது தெரியவந்தது. 1865இல் அங்கே இயந்திரப் பொறியியல் சேர்ந்தார். 1869இல் முனைவர் பட்டமும் பெற்றார். அந்த ஊரில் ஒரு விடுதிக்காரரின் மகள் அன்னா பெர்த்தா. இவரைவிட ஆறு வயது மூத்தவர். 1872இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. குழந்தை இல்லாத அவர்கள் பெர்த்தாவின் சகோதரர் மகளைத் தங்கள் மகளாக வளர்த்தார்கள்.

பேராசிரியர் குண்ட் என்பவரின் உதவியாளராக வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் போனபோது பழைய குறை மறுபடி குறுக்கே வந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அங்கே ஆசிரியர் பதவி தரமுடியாது என்றார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் 1874இல் அந்தத் தகுதி கிடைத்தது. பிறகு 1888இல், கதவைச் சாத்திய அதே வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. 1894இல் அதன் தலைவராகவும் ஆனார்.

ஏழு வாரம் வாய் திறக்கவில்லை

வூர்ஸ்பர்க்கில் ஆய்வுக்கூடத்தின் மாடியிலேயே அவருக்கு வீடு. 1895 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை மாலை. காற்று நீக்கிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைக் கறுப்பு அட்டையால் நன்றாக மூடியிருந்தார். அறையும் இருட்டு. ஆனால் சற்றுத் தள்ளி மேசைமேல் இருந்த, பேரியம் உப்பு பூசிய ஒரு தாள் ஒளிர்ந்தது. வெளிச்சம் வர வழியே இல்லை. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைத் தாண்டி வருகிறது.

வேறொருவராக இருந்தால் அன்று இரவே ஊரைக் கூட்டியிருப்பார். ராண்ட்ஜன் உதவியாளர்களிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பாடும் தூக்கமும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலேயே. ஆயிரம் பக்கப் புத்தகத்தைக் குறுக்கே வைத்தார், கதிர் போனது. மரப்பலகை வைத்தார், போனது. காரீயம் தடுத்தது. குறுக்கே தன் கையை நீட்டியபோது, தாளில் விரல் எலும்புகளின் நிழல் விழுந்தது. என்ன கதிர் என்று தெரியாததால், கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைக்கும் எழுத்தையே பெயராக்கி எக்ஸ் கதிர் என்றார்.

டிசம்பர் 22 அன்று மனைவியை வரவழைத்து, அவர் கையை ஒளிப்படத் தகட்டின்மேல் வைக்கச் சொன்னார். சுமார் கால் மணி நேரம் கதிர் பாய்ந்தது. தகட்டைக் கழுவியபோது எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரிந்தன. தன் சாவையே நேரில் பார்த்ததுபோல் பெர்த்தா நடுங்கிப்போனார் என்று சொல்வார்கள். ஆறு நாள் கழித்துத்தான், டிசம்பர் 28 அன்று, ராண்ட்ஜன் தன் கட்டுரையைக் கொடுத்தார். 1896 ஜனவரி முதல் வாரத்தில் செய்தித்தாள்கள் வழியே உலகத்துக்குத் தெரிந்தது.

காப்புரிமை வேண்டாம் என்றார்

இந்தக் கதையில் நாம் நன்றி சொல்லவேண்டிய இடம் இதுதான். காப்புரிமை எடுத்திருந்தால் ராண்ட்ஜன் பெரும் செல்வந்தர் ஆகியிருப்பார். கண்டுபிடிப்பு எல்லாருக்கும் பொது என்று மறுத்துவிட்டார். அதனால் குழாயும் மின்சாரமும் கைவசம் இருந்த யாரும் அனுமதி கேட்காமல் படம் எடுக்க முடிந்தது. ஜனவரி 11 அன்றே இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹால் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவர், ஒருவர் கையில் புகுந்திருந்த ஊசியைப் படமெடுத்தார். அதுவரை எலும்பு முறிவையும் உடலில் தங்கிய குண்டையும் தடவிப் பார்த்தோ அறுத்துப் பார்த்தோதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது. பரிசுப் பணத்தை வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். பெயருக்கு முன்னால் பிரபுப் பட்டம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பவேரிய அரசு சொன்னது. அதையும் வேண்டாம் என்றார். ஜெர்மனியில் இன்றும் எக்ஸ்ரேவை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அவர் மட்டும் கடைசிவரை எக்ஸ் கதிர் என்றே சொன்னார்.

முதல் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியில் விலைவாசி தலைகால் புரியாமல் ஏறியதில் அவர் சேமிப்பு கரைந்தது. நீண்டகாலம் நோயுற்றிருந்த பெர்த்தா 1919இல் காலமானார். ராண்ட்ஜன் 1923 பிப்ரவரி 10 அன்று மியூனிக் நகரில் குடல் புற்றுநோயால் இறந்தார்.

கதிரின் மறுபக்கம்

ஆரம்பத்தில் இந்தக் கதிர் உடம்பைக் கெடுக்கும் என்று பலருக்குத் தெரியாது. ராண்ட்ஜன் ஆய்வு துல்லியமாக வரவேண்டும் என்று துத்தநாகமும் காரீயமும் வைத்த பெட்டிக்குள் வேலை செய்தார். அது அவருக்கே பாதுகாப்பாகவும் அமைந்தது. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. ஊசியைப் படமெடுத்த அதே ஹால் எட்வர்ட்ஸ், தினமும் கதிர் பட்டதால் 1908இல் இடது கையை இழந்தார். இப்படி உயிரிழந்த கதிரியல் பணியாளர்களுக்கு ஹாம்பர்க் நகரில் 1936இல் நினைவுத்தூண் எழுப்பினார்கள். இன்று நமக்குப் படம் எடுப்பவர் காரீய அங்கி போட்டுக்கொள்வதற்கும் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நிற்பதற்கும் பின்னே இவர்கள் பட்ட பாடு இருக்கிறது.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

எக்ஸ்ரே என்பது நிழல்படம். சுண்ணாம்புச் சத்துள்ள எலும்பு கதிரைத் தடுப்பதால் வெள்ளையாகவும், காற்று நிறைந்த நுரையீரல் கறுப்பாகவும் தெரியும். நுரையீரலில் சளி கட்டினால் கறுப்பில் வெள்ளைத் திட்டு விழும். ஆனால் மூட்டுத் தசைநார் கிழிந்தால் இதில் தெரியாது, அதற்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அல்ட்ராசவுண்ட். இந்த இரண்டிலும் எக்ஸ் கதிர் கிடையாது. சி.டி. ஸ்கேன் எக்ஸ் கதிரால் உடம்பைத் துண்டு துண்டாகப் படமெடுப்பது. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய கருவியில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள்.

இயற்கையிலேயே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம்மேல் கொஞ்சம் கதிர் படுகிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் வருவது அதில் சுமார் பத்து நாள் அளவுதான். நெஞ்சு சி.டி. என்றால் சுமார் இரண்டு ஆண்டு அளவு. ஆகவே:

• மருத்துவர் தேவை என்று சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

• எதற்கும் இருக்கட்டும் என்று நாமாகப் போய் சி.டி. எடுத்துக்கொள்ள வேண்டாம்.

• கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ, படமெடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

• பழைய படங்களையும் அறிக்கைகளையும் தேதி எழுதி வைத்திருங்கள். நுரையீரலில் தெரியும் ஒரு தழும்பு புதியதா, ஐந்து வருடமாக அப்படியே இருப்பதா என்பதைப் பழைய படம்தான் சொல்லும். இன்னொரு ஸ்கேன்கூட மிச்சமாகலாம்.

அந்தப் பெரிய உறை பீரோ மேலேயே இருக்கட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.