எமன் வேடத்தைக் கைவிட்ட நாடக ஆசான்
சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கை

ஊர்க் கொடை விழாவில் விடிய விடிய நாடகம் பார்த்தவர்கள் நம்மில் அநேகர். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் முழங்கும். முதலில் வருபவன் ராஜாவும் அல்ல, சாமியும் அல்ல. பபூன்தான் வருவான். ஒரு மணி நேரம் ஊரைச் சிரிக்க வைப்பான். பிறகு சலங்கை ஒலிக்க டான்ஸ்காரி வருவாள். இருவரும் ஆடி, பாடி, சண்டை போட்டு ஓய்ந்த பிறகே வள்ளியும் முருகனும் மேடைக்கு வருவார்கள்.

அந்த மேடையில் பாட்டு தொடங்கும் முன் நடிகர்கள் ஒருவரை நினைத்துக் கும்பிடுவார்கள். அவர்தான் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியர் என்று பெயர் பெற்றவர்.

கிராண்ட் ரோடு தந்த திரைச்சீலை

இந்தக் கதைக்கும் நாம் பிழைக்க வந்த மும்பைக்கும் தொடர்பு உண்டு. இன்று லோக்கல் ரயிலில் கடந்து போகும் கிராண்ட் ரோடு பகுதியில் 1846ஆம் ஆண்டில் ஒரு நாடகக் கொட்டகை திறக்கப்பட்டது. அதைக் கட்டிய ஜகன்னாத் சங்கர்சேட், இந்த ஊருக்கு ரயில் வரப் பாடுபட்டவர்களிலும் ஒருவர். 1868இல் பார்சிக்காரர்கள் விக்டோரியா நாடகக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். வண்ணம் தீட்டிய படுதா, தந்திரக் காட்சிகள், தேவதைப் பெண்களின் ஆட்டம், நாடகத்தின் முடிவில் ஒரு சிரிப்புக் கூத்து இவையெல்லாம் அவர்கள் சரக்கு.

வெள்ளைக்காரர் மேடையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது பல. அந்தக் காலத்தில் லண்டனில் கிறிஸ்துமஸ் சமயம் பாண்டோமைம் என்ற ஆட்டம் நடக்கும். கால் விரல் நுனியில் நின்று பாலே ஆடும் பெண்கள் ஒரு பக்கம், குட்டிக்கரணம் போடும் கோமாளி ஒரு பக்கம். கோமாளிகளில் பெரும் பெயர் எடுத்தவர் ஜோசப் கிரிமால்டி. 1778இல் பிறந்தவர். விழுந்து புரண்டு சிரிக்க வைத்தே உடம்பு கெட்டு, ஐம்பது வயதுக்குள் மேடையை விட்டார். 1837இல் இறந்தார்.

பார்சிக் கம்பெனிகளும் மராத்திக் கம்பெனிகளும் தெற்கே சென்னைக்கும் தஞ்சைக்கும் வந்து ஆடின. தமிழனுக்குக் கோமாளி புதியவன் அல்ல. தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான். புதிய படுதாவும் ஆர்மோனியமும் வந்ததும் அவனே பபூன் என்று பெயர் மாறி வந்தான். ஆனால் அந்த மேடைக்கு ஒழுங்கான தமிழ் நாடகம் வேண்டுமே? அதைக் கொடுத்தவர்தான் சுவாமிகள்.

உப்புப் பண்டகசாலைக் கணக்கர்

அவர் பிறந்தது 1867 செப்டம்பர் 7. ஊர் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி. தாராவியில் உள்ள நம்மவர் பலருக்குப் பக்கத்து ஊர்தான். தகப்பனார் தாமோதரர் புராணங்களில் தேர்ந்தவர். தமிழின் முதல் பாடம் அவரிடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார்.

இவ்வளவு படித்தும் வயிற்றுப்பாட்டுக்குத் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். நம்மில் எத்தனையோ பேரைப் போலப் பேரேடும் கூட்டல் கழித்தலுமாக நாட்கள் போயின. 24ஆம் வயதில் அந்த வேலையை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கூத்தாடி என்றால் வீட்டுத் திண்ணையில்கூட உட்கார விடாத காலம் அது. நிலையான சம்பளத்தை விட்டுவிட்டு அவர் போனது அப்படிப்பட்ட பிழைப்புக்கு!

வேடம் கலைந்த நாள்

இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். அவர் போட்டது எல்லாம் பயங்கர வேடங்கள். நல்ல உடற்கட்டு, கணீரென்ற குரல். மேடையில் வந்து நின்றால் குழந்தைகள் அலறும்.

நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. ஓரூரில் சாவித்திரி நாடகம். எமனாக அவர் ஆவேசத்தோடு வந்ததைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது. இன்னோர் ஊரில் நளன் கதை. சனீஸ்வர வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குப் போனார். துணி வெளுக்க வந்த பெண் அவரைக் கண்டு அஞ்சி விழுந்து உயிரை விட்டாள்.

வேறொரு நடிகனாக இருந்தால் தன் நடிப்புக்குக் கிடைத்த பட்டம் என்று பெருமை பேசியிருப்பான். சுவாமிகள் மனம் உடைந்தார். பயங்கர வேடங்களை அன்றோடு விட்டார். எழுதுவதும், கற்பிப்பதும், சூத்திரதாரியாக நின்று நடத்துவதுமே இனித் தம் வேலை என்று முடிவு செய்தார்.

புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் இசை நுட்பம் அறிந்தார். தல யாத்திரை சென்று திரும்பியபோது உலகம் அவரைச் சுவாமிகள் என்று அழைத்தது. கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

ஏடே கால அட்டவணை

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று 40க்கு மேற்பட்ட நாடகங்களை அவர் எழுதினார். இதனால் விளைந்த நன்மையை ரயில்வேக்காரன் ஒருவன் எளிதில் சொல்லிவிடலாம். ஒரே கால அட்டவணை கையில் இருந்தால், ஒருவரை ஒருவர் பாராத கார்டும் டிரைவரும் ஸ்டேஷன் மாஸ்டரும் சேர்ந்து வண்டியை நடத்திவிடுவார்கள். அதுபோலத்தான் இதுவும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை இல்லை. இருவருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். இரவெல்லாம் நாடகம் நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்று இதற்குப் பெயர்.

பபூன் பேச்சு மட்டும் ஏட்டுக்குள் அடங்குவதில்லை. அந்த ஊரின் குறை, அந்த வாரத்தின் செய்தி எல்லாம் அவன் வாயில் வரும். ஏட்டுக்கு வெளியே பேசும் துணிவு ராஜபார்ட்டுக்கும் தொற்றியது. வள்ளி திருமணத்தில் தினைப்புலத்தில் பறவை ஓட்டும் இடத்தில் வெள்ளையனை ஓட்டப் பாடினார் விஸ்வநாத தாஸ். பலமுறை சிறை சென்ற அவர், 1940இன் கடைசி நாளில் முருகன் வேடத்திலேயே மேடையில் உயிர் நீத்தார்.

பிள்ளைகளின் சபை

பெரிய நடிகர்கள் குடித்துவிட்டு வருவதும், பாடத்தை விட்டு உளறுவதும் சுவாமிகளை வருத்தின. சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முனைந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அவ்வாண்டே டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தச் சிறுவன் நடிப்பதற்காக, அபிமன்யு சுந்தரி நாடகத்தைப் பாட்டும் வசனமுமாக ஒரே இரவில் எழுதி முடித்தார் ஆசான். கோபக்காரர்தான். ஆனால் பெற்றோரை விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தவரும் அவரே.

1921இல் பக்கவாதம் தாக்கியது. கை கால் முடங்கியது. இரவோடு இரவாகப் பாட்டு எழுதிய கை அசையவில்லை. கூட்டத்தை நடுங்க வைத்த குரல் அடங்கிப்போயிற்று. அந்த நிலையிலும் சபையை விட்டு அவர் பிரியவில்லை. பிள்ளைகளோடு ஊர் ஊராகப் போனார். 1922 நவம்பர் 13 அன்று புதுவையில் அவர் உயிர் பிரிந்தது. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பிள்ளைகள் அவர் பெயரைக் காப்பாற்றினார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் 1925இல் சொந்தமாகத் தொடங்கிய சபையில்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வந்து சேர்ந்தார். சிரிப்பைச் சிந்தனையாக்கிய அந்த மேதையும் சுவாமிகள் வழி வந்தவரே.

லண்டனில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோமாளிகள் வேடத்தோடு தேவாலயத்தில் கூடி கிரிமால்டியை நினைத்து வழிபடுகிறார்கள். நம் ஊர் நாடகக் கலைஞர்களும் சுவாமிகளுக்குக் குருபூசை நடத்துகிறார்கள். அடுத்த முறை விடுப்பில் ஊருக்குப் போகும்போது, கொடையில் நாடகம் நடந்தால் பபூன் வந்து போனதும் எழுந்துவிடாதீர்கள். விடியும்வரை இருங்கள். ஒரு உப்புக் கணக்கர் எழுதியதைத்தான் அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.