பதிலாகச் செத்த குரு
அர்ச். மாக்சிமிலியன் கோல்பே சரித்திரம்

சேசுநாதர் நமக்காகப் பாடுபட்டு மரித்தார் என்பது நம் வீட்டுக் குழந்தைகள் ஞானோபதேசத்தில் முதன்முதல் கற்கும் சத்தியம். பால்ய வயதிலேயே மனப்பாடமாகி விடுவதாலோ என்னவோ, பெரியவர்களான பின் நாம் அதைக் கேட்டு ஆச்சரியப்படுவதே இல்லை. தான் சாக வேண்டிய இடத்தில் இன்னொருவர் செத்தார் என்றால், பிழைத்தவனுக்கு எப்படி இருக்கும்? அதைத் தம் சொந்தச் சீவியத்தில் அறிந்த மனிதர் ஒருவர் போலந்து தேசத்தில் 1995ம் ஆண்டு வரை வாழ்ந்திருந்தார். அவருக்குப் பதிலாக மரித்த குருவின் சரித்திரத்தைத்தான் இவ்வாரம் சொல்ல வந்தோம்.

அக்குரு 1894ம் ஆண்டு ஜனவரி 8ந் தேதி போலந்தில் ஓர் ஏழை நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் ரைமுண்டு. சுமார் 12 வயதில் தேவமாதா அவருக்குத் தோன்றி, வெள்ளையும் சிவப்புமான இரண்டு முடிகளைக் காட்டியதாகவும், பரிசுத்தத்தின் முடி, வேதசாட்சியின் முடி இரண்டுமே வேண்டுமென்று சிறுவன் கேட்டதாகவும் அவருடைய தாயார் பிற்பாடு தெரிவித்தார். துடுக்கான பிள்ளைதான்!

பிராஞ்சீஸ்கு சபையில் சேர்ந்து மாக்சிமிலியன் என்ற பெயர் பெற்று, உரோமாபுரியில் படித்து, 1918ல் குருப்பட்டம் அடைந்தார். க்ஷயரோகம் அவருடைய சுவாசப்பையைக் கெடுத்திருந்தது. அந்தச் சரீரத்தோடு அவர் செய்த வேலையோ கொஞ்சமல்ல. 1922ல் அமல உற்பவ மாதாவின் பேரால் ஒரு சிறு மாதப் பத்திரிகை தொடங்கினார். பின்னாட்களில் அது சுமார் பத்து இலட்சம் பிரதிகள் அச்சாயிற்று. 1927ல் வார்சா நகருக்கு அருகே அவர் ஸ்தாபித்த நியெப்பொகலானுவ் மடத்தில் 1939க்குள் எழுநூறுக்கு மேற்பட்ட சகோதரர் சேர்ந்திருந்தனர். நடுவில் ஜப்பானுக்கும் போய் நாகசாகியில் ஒரு மடம் கட்டினார். யுத்தம் மூண்டபோது, வீடிழந்து வந்த ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு மடத்தின் கதவு திறந்தது. அவர்களில் யூதரும் அநேகர்.

1941 பிப்ரவரி 17ந் தேதி ஜெர்மானிய போலீசார் அவரைக் கைது செய்தார்கள். மே 28ந் தேதி ஆஷ்விட்ஸ் சிறைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பெயரில்லை, 16670 என்ற எண் மட்டுமே. தமக்குக் கிடைத்த சொற்ப ரொட்டியிலும் பிறருக்குக் கொடுப்பார். இரகசியமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்பார்.

ஜூலை மாதக் கடைசியில் அவரிருந்த கொட்டடியிலிருந்து ஒரு கைதியைக் காணோம். அதற்குத் தண்டனையாகப் பத்துப்பேர் பட்டினியிலே சாக வேண்டும். கைதிகளை வரிசையாக நிறுத்தி, பிரிட்ச் என்ற அதிகாரி ஒவ்வொருவராய்ப் பொறுக்கினான். அகப்பட்டவர்களில் ஒருவர் பிராஞ்சீஸ்கு கயோவ்னிச்செக் என்ற போலந்து இராணுவ சார்ஜெண்டு. மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் வாய்விட்டுக் கதறினார். அப்போது வரிசையை விட்டு ஒருவர் முன்னால் வந்தார். அங்கே வரிசையை விட்டு நகர்ந்தவனைச் சுட்டுத் தள்ளுவது வழக்கம். தாம் கத்தோலிக்க குரு என்றும், வயதானவர் என்றும், இவருக்குக் குடும்பம் இருப்பதால் இவருக்குப் பதிலாகத் தாம் போவதாகவும் சொன்னார். வயதானவராம்! அப்போது அவருக்கு 47 வயது. அதிகாரி ஏனோ சம்மதித்தான். ஓர் எண் அடிக்கப்பட்டு வேறோர் எண் எழுதப்பட்டது.

இங்கே சற்று நிற்போம். இந்தக் கயோவ்னிச்செக் அப்படி என்ன புண்ணியம் செய்திருந்தார்? குருவுக்கு அவர் உறவுமில்லை, சிநேகிதருமில்லை. அழுதார், வேறொன்றும் செய்யவில்லை. நம் இரட்சணியமும் இப்படித்தான் வந்தது. நாம் பூசை காண்பதும், ஒருசந்தி பிடிப்பதும், தர்மம் கொடுப்பதும் அந்த இரட்சணியத்துக்கு நாம் கட்டும் விலையல்ல. விலை கொடுத்தாகிவிட்டது; நாம் செய்வதெல்லாம் மீட்கப்பட்டவனுடைய நன்றி.

பத்துப்பேரையும் நிலவறையில் தள்ளிப் பூட்டினார்கள். அவருடைய உயிர்ப்பலி ஒருவரைக் காப்பாற்றியது. மற்ற ஒன்பது பேரை அவர் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அவர்களோடு கூடவே போனார். அங்கிருந்து செபமும் மாதா கீர்த்தனைகளும் கேட்டதாக, அங்கே மொழிபெயர்ப்பாளராய் இருந்த கைதி பின்னர் சாட்சி சொன்னார். ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து நான்கு பேரே உயிரோடிருந்தனர். ஆகஸ்டு 14ந் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். மறுநாள், மோட்ச ஆரோபணத் திருநாளன்று, அவர் சரீரம் சுட்டெரிக்கப்பட்டது.

பிழைத்தவர் கதை அத்தோடு முடியவில்லை. தம்மால் ஒரு குரு செத்தார் என்ற நினைவு அவரை நெடுங்காலம் வாட்டியது. யுத்தம் முடிந்து வீடு திரும்பினால், மனைவி இருந்தாள். இரண்டு ஆண்மக்களும் 1945 ஜனவரியில் குண்டுவீச்சில் மாண்டிருந்தார்கள். எந்தப் பிள்ளைகளுக்காக அழுதாரோ அந்தப் பிள்ளைகள்! மீட்கப்பட்டவன் வீட்டுக்குத் துக்கம் வராது என்று சேசுநாதர் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தந்தையர் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது தெரியும். கோல்பே சுவாமியால் கொடுக்க முடிந்தது இவ்வுலக ஆயுள் மட்டுமே. சாவில்லாத ஆயுளைக் கொடுக்கக் கூடியவர் ஒருவரே.

கயோவ்னிச்செக் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. தேசம் தேசமாய்ப் போய்த் தமக்காக மரித்தவரைப் பற்றிச் சொல்லி வந்தார். ஆகஸ்டு 14 தோறும் ஆஷ்விட்ஸ் போவார். 1982 அக்டோபர் 10ந் தேதி, போலந்தில் பிறந்த பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கோல்பே சுவாமிக்கு வேதசாட்சியாக அர்ச்சியசிஷ்டப் பட்டம் கொடுத்தபோது, அவரும் உரோமாபுரியில் இருந்தார். 1995 மார்ச் 13ந் தேதி, 93 வயதில் மரித்தார். நியெப்பொகலானுவ் மடத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த மடத்தை உண்டாக்கின குருவுக்கு அங்கே கல்லறை கிடையாது.