படை அனுப்பிய ஆசிரியர்

ஒரு நாட்டின் கொடுங்கோலரை வீழ்த்த இன்னொரு நாடு படை அனுப்பலாமா? மாணவர் விவாத மேடைகளில் அடிக்கடி வரும் தலைப்பு இது. பலரும் ஈராக்கிலிருந்து தொடங்குவார்கள். நான் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரேயிலிருந்து தொடங்குவேன். ஒட்டிப் பேசுபவருக்கும் வெட்டிப் பேசுபவருக்கும் அவர் வாழ்க்கையில் சான்று உண்டு.

நைரேரே 1922இல் விக்டோரியா ஏரிக்கு அருகிலுள்ள புட்டியாமா என்ற சிற்றூரில், ஓர் இனக்குழுத் தலைவரின் மகனாகப் பிறந்தார். உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். நாடு திரும்பி ஆசிரியராகப் பணியாற்றியபோதே விடுதலை இயக்கத்தின் தலைவரானார். 1961இல் தங்கனீக்கா விடுதலை பெற்றது. 1964இல் சான்சிபாருடன் இணைந்து தான்சானியா ஆனது. அதிபரான பிறகும் மக்கள் அவரை ‘ம்வாலிமு’ என்றே அழைத்தார்கள். சுவாஹிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள்.

1971 ஜனவரியில் அண்டை நாடான உகாண்டாவின் அதிபர் மில்ட்டன் ஒபோட்டே, காமன்வெல்த் மாநாட்டுக்காகச் சிங்கப்பூர் வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து ராணுவத் தளபதி இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார். ஒபோட்டேக்கு நைரேரே அடைக்கலம் தந்தார். மறு ஆண்டு, ஒபோட்டேயின் ஆதரவாளர்கள் தான்சானியாவிலிருந்து உகாண்டாவுக்குள் நுழைந்து தோற்றார்கள். அதே 1972இல் அமீன், பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான ஆசியர்களுக்கு வெளியேற 90 நாள் கெடு விதித்தார். அவரது ஆட்சியில் கொல்லப்பட்டோர் 3 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது.

1978 அக்டோபரில் அமீனின் படை எல்லை தாண்டி, தான்சானியாவின் ககேரா பகுதியைப் பிடித்து, அது உகாண்டாவுக்கே சொந்தம் என்றது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு அமீனைக் கண்டிக்கவில்லை. இரு தரப்பும் பேசித் தீர்க்கட்டும் என்றது. தான்சானியப் படை எதிரியை விரட்டியது. அது தற்காப்பு, அதில் யாருக்கும் ஐயமில்லை.

விவாதம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. நைரேரே எல்லையோடு நிற்கவில்லை. 1979 ஜனவரியில் அவரது படை உகாண்டாவுக்குள் நுழைந்தது. நாடுகடந்து வாழ்ந்த உகாண்டா மக்களின் படைகளும் சேர்ந்து போரிட்டன. அமீனுக்கு லிபியா வீரர்களை அனுப்பியும் பயனில்லை. ஏப்ரல் 11ஆம் தேதி தலைநகர் கம்பாலா வீழ்ந்தது; அமீன் தப்பி ஓடினார்.

அந்த ஆண்டு நடந்த ஆப்பிரிக்கத் தலைவர்கள் மாநாட்டில் நைஜீரியாவும் சூடானும் நைரேரேயைக் குறைகூறின. பிற நாட்டு விவகாரத்தில் தலையிடக்கூடாது என்பது அந்த அமைப்பின் விதி. நம் வட்டாரத்திலும் அதே கேள்விதான். 1979 ஜனவரியில் வியட்னாமியப் படை கம்போடியாவில் பொல் பொட் ஆட்சியை வீழ்த்தியபோது, சிங்கப்பூரும் மலேசியாவும் உள்ளிட்ட ஆசியான் அதை எதிர்த்தது. பெரிய அண்டை நாடு படையைக் கொண்டு ஆட்சியை மாற்றலாம் என்று ஒப்புக்கொண்டால், சிறிய நாடுகளுக்குப் பாதுகாப்பு ஏது?

கம்பாலா வீழ்ந்ததோடு கதை முடியவில்லை. உகாண்டாவில் அடுத்தடுத்து ஆட்சிகள் கவிழ்ந்தன. 1980 டிசம்பரில் சர்ச்சைக்குரிய தேர்தலில் ஒபோட்டே மீண்டும் அதிபரானார். உள்நாட்டுப் போர் மூண்டு, மேலும் பல்லாயிரம் பேர் மாண்டனர். போர்ச்செலவில் பெரும்பகுதியைத் தானே சுமந்த தான்சானியா வறுமையில் ஆழ்ந்தது. நைரேரேயும் ஒரே கட்சி ஆட்சி நடத்தியவர். விசாரணையின்றிப் பலரைச் சிறையிலடைத்தவர். எனினும் 1985இல் தாமாகவே பதவி விலகினார். 1999இல் லண்டனில் காலமானார்.

என் நிலைப்பாடு இது: அமீன் எல்லையோடு விடப்பட்டிருந்தால் கொலைகள் தொடர்ந்திருக்கும்; ஆகவே நைரேரே கம்பாலா வரை சென்றதில் நியாயம் இருந்தது. ஆனால் சர்வாதிகாரி ஓடிய மறுநாள் யார் ஆள்வது, மக்களை யார் காப்பது என்ற கேள்விக்கு அவரிடம் போதிய விடை இல்லை. அடுத்த முறை இந்தத் தலைப்பு உங்களுக்கு வந்தால், எந்தப் பக்கம் பேசினாலும் அந்த மறுநாளைப் பற்றி எதிரணியிடம் கேளுங்கள். உங்கள் அணியும் அதற்கு விடை தயாராக வைத்திருக்கட்டும்.