மொழி வராத மறைபரப்பாளர்

மறைபரப்புப் பணி என்றதும் இளம் குருக்களும் கன்னியரும் கடல் கடந்து செல்வதே நம் மனக்கண் முன் தோன்றும். உடலில் வலிமை, புது மொழிக்கு வளையும் நாக்கு, அந்நிய நாட்டுச் சுவாத்தியத்தையும் சாப்பாட்டையும் தாங்கும் பக்குவம் ஆகிய எல்லாம் இளமையின் செல்வங்கள். ஆனால் நவம்பர் 18ஆம் திகதி திருச்சபை நினைவுகூரும் புனித றோஸ் பிலிப்பின் டூஷேன், கப்பல் ஏறும்போதே ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். தாம் தேடிப்போன மக்கள் மத்தியில் கால் வைத்தபோது அவருக்கு வயது 71.

பிரான்சு தேசத்தின் கிறெனோபிள் நகரில் 1769ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, வசதி படைத்த குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தந்தை ஒரு சட்டத்தரணி. அமெரிக்காவில் பணியாற்றித் திரும்பிய யேசு சபைக் குரு ஒருவர் சொன்ன கதைகள் சிறுமியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. 1788இல், பெற்றோர் விரும்பாதபோதும், புனித பிரான்சிஸ் சலேசியார் நிறுவிய கன்னியர் சபையின் மடம் ஒன்றில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி அம்மடத்தின் கதவுகளை அடைத்துவிட்டது. வீடு திரும்பிய பிலிப்பின் சும்மா இருக்கவில்லை. சிறையில் கிடந்தோரைச் சந்தித்தார்; தெருப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தார்.

புரட்சியின் வேகம் தணிந்தபின் 1801இல் பழைய மடத்தைத் திரும்பப் பெற்றார். ஆனால் பழைய துறவற வாழ்வை அங்கே மீண்டும் தழைக்கச் செய்ய அவரால் இயலவில்லை. 1804இல் மடத்தையும் தம்மையும், தம்மிலும் பத்து வயது இளையவரான புனித மதலேன் சோபி பாராவிடம் ஒப்படைத்து, அவர் தொடங்கியிருந்த திரு இருதய சபையில் ஒரு புகுமுகக் கன்னியாகச் சேர்ந்தார். தூர தேசம் போகும் ஆசையை 1806இல் தலைவியிடம் வெளியிட்டார். பொறுத்திருக்கும்படி சொல்லப்பட்டது. பொறுத்தார், பன்னிரண்டு ஆண்டுகள்! 1817இல் லூயிசியானாவின் ஆயர் டுபூர்க் பாரிசுக்கு வந்து கன்னியரைக் கேட்டபோது, பிலிப்பின் தலைவியின் முன் முழந்தாளிட்டு அனுமதி கேட்டார். கிடைத்தது.

1818 மார்ச்சில் நான்கு தோழியருடன் 'றெபேக்கா' என்னும் கப்பலில் புறப்பட்டார். எழுபது நாட்கள் கடலில் அலைக்கழிந்து, மே 29ஆம் திகதி, திரு இருதயத் திருவிழாவன்று, நியூ ஓர்லியன்ஸ் அருகே கரை இறங்கினார். பின்னர் மிசிசிப்பி ஆற்றின் வழியே நெடும் பயணம். ஆனால் ஆயர் அவரைப் பூர்வீகக் குடிகளிடம் அனுப்பவில்லை. மிசூரியில் குடியேறிய மக்களின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்குமாறு செயின்ற் சார்ள்ஸ் என்னும் சிற்றூருக்கு அனுப்பினார். அங்கே ஒரு மர வீட்டில், 1818 செப்டெம்பரில், மிசிசிப்பிக்கு மேற்கே முதலாவது இலவசப் பாடசாலை தொடங்கியது.

அந்த ஆண்டுகளின் வறுமையை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து போகும். விறகுக்கும் உணவுக்கும் தட்டுப்பாடு. புளொறிசன்ற் என்ற ஊரில் இருந்த காலத்தில் தலைவியான அவர் படுத்துறங்கியது மாடிப்படிக்குக் கீழிருந்த சிறு ஒதுக்கிடத்தில். இவற்றையெல்லாம் விட அவரை வருத்தியது மொழி. எவ்வளவோ முயன்றும் ஆங்கிலம் அவருக்குச் சரியாகக் கைவரவேயில்லை. பிள்ளைகள் பேசுவது புரியாமலும், தாம் சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாமலும் தவித்தார். தாம் தோற்றுவிட்டதாகவே நம்பினார். ஆயினும் பத்தாண்டுகளுக்குள் மிசிசிப்பிப் பள்ளத்தாக்கில் ஆறு இல்லங்கள் எழுந்திருந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லூயிசியானாவிலும் மிசூரியிலும் அந்த இல்லங்களில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பு பயன்பட்டது. அக்காலத்துச் சமுதாயத்தின் இந்தப் பாவத்தில் இருந்து கன்னியர் விலகி நிற்கவில்லை. அண்மைய ஆண்டுகளில் திரு இருதய சபையே தன் ஏடுகளை ஆராய்ந்து இதை வெளிப்படையாக ஏற்று வருந்தியுள்ளது. புனிதர்களும் தங்கள் காலத்தின் குருட்டுத்தனத்துக்குள்ளேதான் நடந்தார்கள்.

1838இல் இந்தியானாவில் வாழ்ந்த பொட்டவாட்டமி என்னும் பூர்வீகக் குடியினர் ஏறத்தாழ 850 பேரை, ஆயுதப்படை அவர்களது சொந்த மண்ணிலிருந்து விரட்டியது. இரண்டு மாதம் மேற்கு நோக்கி நடத்திச் செல்லப்பட்ட அவர்களில் நாற்பதுக்கும் அதிகமானோர் வழியிலேயே மாண்டனர். பெரும்பாலானோர் குழந்தைகள். அவர்களோடு கூட நடந்த இளங்குரு பெஞ்சமின் பெற்றி, திரும்பும் வழியில் நோயுற்று, 1839இல் தமது 27ஆவது வயதில் உயிர் நீத்தார். எஞ்சியோர் கன்சாசின் சுகர் கிறீக் என்னுமிடத்தில் குடியமர்த்தப்பட்டனர்.

அங்கே திரு இருதயக் கன்னியர் பாடசாலை தொடங்க வேண்டும் என்று அழைப்பு வந்தது. அப்போது அன்னை டூஷேன் தலைமைப் பொறுப்பிலிருந்து விடுபட்டு, நோயாளியாக இருந்தார். அவரைக் கூட்டிச் செல்லக்கூடாது என்றே பலரும் எண்ணினர். யேசு சபைக் குரு வெர்ஹேகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வேலை செய்ய வேண்டியதில்லை, அவருடைய செபமே போதும், அவர் வந்தேயாக வேண்டும் என்று நின்றார். 1841 யூலையில் அன்னை சுகர் கிறீக்கை அடைந்தார். சிறு வயதில் கண்ட கனவு அறுபது ஆண்டுகளுக்குப் பின் நனவாயிற்று.

நனவாகியும் என்ன? பொட்டவாட்டமி மொழி அவருக்குச் சுத்தமாக வரவில்லை. மற்றக் கன்னியர் படிப்பித்தனர். அவரால் படிப்பிக்க முடியவில்லை. உடலுழைப்புக்கும் பலமில்லை. நோயாளரைப் போய்ப் பார்ப்பார். மிகுதி நேரமெல்லாம் சிற்றாலயத்தில் நற்கருணைக்கு முன் முழந்தாளில் இருப்பார். பிள்ளைகள் மெல்ல வந்து அவரது ஆடையின் ஓரத்தில் எதையோ வைத்துவிட்டு ஓடுவார்களாம். சோளமணி என்பாரும் உளர், இலை என்பாரும் உளர். பல மணி நேரம் கழித்து வந்து பார்த்தால், வைத்தது வைத்தபடி இருக்குமாம். எப்போதும் செபிக்கும் பெண் என்று அம்மக்கள் தங்கள் மொழியில் அவருக்குப் பெயர் வைத்தனர். அவர் அவர்களது மொழியைக் கற்கவில்லை. அவர்களோ அவரை நன்றாக வாசித்துவிட்டார்கள்.

ஓராண்டு மட்டுமே. கடுங்குளிர் அவர் உடலை முறித்தது. 1842இல் செயின்ற் சார்ள்சுக்குத் திரும்பும்படி கட்டளை வந்தது. விருப்பமில்லாமலே கீழ்ப்படிந்தார். ஆலயத்துக்கு அருகே ஒரு சிறிய அறையில், செபத்திலும், பழைய துணிகளைத் தைத்துப் பொருத்துவதிலும் இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து, 1852 நவம்பர் 18ஆம் திகதி, 83ஆவது வயதில் இறைபதம் எய்தினார். 1940இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 1988 யூலை 3ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார்.

சொந்த மண்ணை இழந்து இன்னொரு மண்ணில் இருத்தப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்குப் போதகரும் ஆசிரியரும் தேவைப்பட்டனர். அவர்களை விட்டு எழுந்து போகாமல், அவர்கள் நடுவே இறைவனோடு இருக்கும் ஒருவரும் தேவைப்பட்டார். அந்த இடத்தை நிரப்ப மொழியும் பலமும் வேண்டியிருக்கவில்லை. நம் பங்குகளிலும் கால் இயலாமல், கண் மங்கி, இனி நான் யாருக்குப் பயன் என்று நொந்துகொள்ளும் முதியோர் எத்தனை பேர்! செபமாலையைக் கையில் ஏந்தித் திண்ணையில் இருக்கும் அவர்களை வேலையற்றவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மறைபரப்பு ஞாயிறன்று உண்டியலில் காணிக்கை போடும்போது, அவர்களது செபத்தையும் நாம் கேட்டுப் பெறுவோமாக.