நுவரெலியாவில் பேக்கர்

நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடிச் சென்று, 1864ஆம் ஆண்டில் அல்பர்ட் ஏரியைக் கண்டவர் என்றே சேர் சாமுவேல் பேக்கரை உலகம் அறியும். அப்புகழ் வாய்க்குமுன், தம் இளமையின் எட்டாண்டுகளை அவர் நம் மலைநாட்டிலே கழித்தார் என்பதைப் பலர் அறியார்.

1821இல் இலண்டனிற் பிறந்த பேக்கரை இலங்கைக்கு ஈர்த்தது வேட்டை வேட்கையே. காடுகளில் அலைந்தவரைக் காய்ச்சல் பற்றியது. நலிந்த உடலோடு ஆறாயிரம் அடி உயரத்து நுவரெலியாவை அடைந்தார். அதன் குளிர்காற்றே மருந்தாயிற்று. அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நாட்டிவிடலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முளைத்தது. 1848இல் தம்பியோடும், கொல்லன் முதலிய பணியாளரோடும், ஆடு மாடுகளோடும், விதைகளோடும் கப்பல் வழியே குடியேற்றம் தொடங்கியது.

மலை அத்துணை எளிதில் வசப்படவில்லை. ஓட்ஸ் பயிரை மரைகள் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழுக்கள் அரித்தன. கால்நடைகள் நோயில் மடிந்தன. எருவிடாத மண் விளைவு தர மறுத்தது. எனினும் மனந்தளராது உழைத்தார்.

அம்முயற்சிகளுள் ஒன்றே பியர் காய்ச்சுதல். 1849இல் அவர் குடிசைத் தொழிலாகத் தொடங்கியதே பின்னெழுந்த ஆலையின் வித்து என்பர். ஆங்கிலேயர் விரும்பும் வெளிர்நிற ஏல், முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இனிய சாற்றை வடித்து, ஹொப்ஸ் மலர் சேர்த்துக் கொதிக்கவைத்துச் செய்யப்படுவது. அம்மலரே கசப்பையும் மணத்தையும் தந்து, பானம் கெடாமலும் காப்பது. ஆறிய சாற்றில் மதுவம் இட்டால் நொதிக்கும். வெப்பம் மிகுந்தால் சுவை கெடும். குளிரூட்டும் பொறியில்லா அந்நாளில் அதற்கேற்ற தட்பத்தை இயற்கையாகவே அளித்தது நுவரெலியா.

1855இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டே மனைவியை இழந்தார். 1859இல் அடிமைச் சந்தையிலிருந்து மீட்ட புளோரன்ஸ், பின்னர் அவருடைய ஆபிரிக்கப் பயணத் துணைவியும் இல்லத் துணைவியும் ஆனார். 1869 முதல் 1873 வரை மேல்நைல் நாட்டில் அடிமை வாணிகத்தை ஒடுக்கப் போராடினார். 1893இல் மறைந்தார். மனிதரின் விலங்கை உடைக்க முனைந்த அக்கைகளே இலங்கையின் யானைகளை இரக்கமின்றி வீழ்த்தின என்பதும் மறுக்கவொண்ணாதது.

திம்புள்ளச் சரிவுகளில் கோப்பி அழிந்து, தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் தேயிலை தழைக்கத் தொடங்கிய காலத்தில், 1881இல் நுவரெலியாவில் சிலோன் பியர் ஆலை எழுந்தது. பிற்காலத்தில் அது பியகமைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே ஏலைக் கசக்கச் செய்த ஹொப்ஸ் கடல்கடந்தே வந்தது. மலை ஈந்தது நீரும் குளிருமே. பேக்கர் ஓர் இங்கிலாந்தைக் கேட்டார். மலையோ தன்னிடம் உள்ளதை மட்டுமே கொடுத்தது.