சீர்காழி ரங்கநாதன்: தகவலை அடுக்கக் கற்றுத் தந்த கணக்கு வாத்தியார்

கோலாலம்பூர் - கிள்ளான் லிட்டில் இந்தியாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உள்ள ஒரு சிறிய மளிகைக் கடையை நினைத்துப் பாருங்கள். கடன் கணக்குக்கு ஒரு நோட்டு, சரக்குக் கணக்குக்கு ஒரு நோட்டு, வாடிக்கையாளர்களின் தொலைபேசி எண்ணுக்கு இன்னொரு நோட்டு. ஒரே அம்மாவின் பெயர் மூன்று நோட்டிலும் மூன்று விதமாக இருக்கும். யார் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் முதலாளிக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஊருக்குப் போய்விட்டால் கடையே தடுமாறும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கும் படிப்புதான் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தள வடிவமைப்பு. எஸ்பிஎம் முடித்த நம் பிள்ளைகள் பலர் இன்று இதைப் படிக்கிறார்கள். கணினி வந்த பிறகு பிறந்த கலை இது என்று அவர்கள் எண்ணக்கூடும். ஆனால், அதன் அடிப்படைக் கேள்விகளோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய ஒரு தமிழர், கணினிகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே சென்னையில் இருந்தார். அவர் பெயர் எஸ்.ஆர். ரங்கநாதன்.

வேண்டாம் என்று ஓடிய வேலை

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துச் சீர்காழியில் ரங்கநாதன் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். திக்குவாய் அவரைத் தொல்லைப்படுத்தியது. இருந்தும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து முதுகலைப் பட்டம் பெற்று, மங்களூர், கோயம்புத்தூர், சென்னை ஆகிய ஊர்களில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார்.

1924ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவர் பொறுப்பேற்றார். சம்பளம் கூடுதல் என்பதால் நண்பர்கள் வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்த வேலை அது. நூலகத்தில் பேச ஆளில்லை, மாணவர்கள் இல்லை, நாள் நகரவில்லை. சில நாட்களிலேயே பழைய கல்லூரி முதல்வரிடம் ஓடி, தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டார். முதலில் லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெறட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று முடிவானது.

அந்தப் பயணம் அவரை மாற்றியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்துக்கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். ஒவ்வோர் இடத்திலும் அவர் கவனித்தது ஒன்றுதான்: தேடி வருபவருக்குத் தேடியது கிடைக்கிறதா, எவ்வளவு நேரத்தில் கிடைக்கிறது?

பொம்மைக் கடையில் கிடைத்த விடை

அப்போது நூலகங்களில் பரவலாக இருந்தது 1876இல் அமெரிக்காவில் வெளியான டூயி தசம முறை. முன்கூட்டியே பெட்டிகளைச் செய்து வைத்து, வரும் நூலை ஏதாவது ஒரு பெட்டியில் போடுவது போன்றது அது. இரண்டு மூன்று துறைகளைத் தொடும் நூல் வந்தால் எந்தப் பெட்டியில் போடுவது என்பதுதான் தகராறு.

லண்டனில் ஒரு பெரிய கடையின் பொம்மைப் பிரிவில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை ரங்கநாதன் பார்த்தார். சில இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள். அவற்றைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஒரு நேரம் பாலம், இன்னொரு நேரம் வண்டி. அங்கேதான் அவருக்கு வழி தெரிந்தது. முடிந்த பெட்டிகள் வேண்டாம். சிறு சிறு பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது இணைத்துக்கொள்ளலாம். அந்தத் திருகாணியின் வேலையை முக்காற்புள்ளி போன்ற குறிகள் செய்யும். 1933இல் நூலாக வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை இப்படிப் பிறந்ததுதான்.

இந்தியாவில் 1950இல் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே கொண்டு அளித்த சிகிச்சை பற்றி ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ரங்கநாதன் அதற்குத் தனிப் பெட்டி தேட மாட்டார். மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, 1950 என்று பிரிப்பார். பிறகு கோப்பார். இன்று இணையக் கடைகளில் விலை, நிறம், அளவு என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து தேடலைச் சுருக்குகிறோமே, அதன் வேர் இந்தச் சிந்தனையில் இருக்கிறது.

கடைக்கு வருவோம்

1970இல் எட்கர் காட் என்ற இன்னொரு கணித மாணவர், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றியபோது, அட்டவணைகளை உறவால் இணைக்கும் தரவுத்தளக் கோட்பாட்டை வெளியிட்டார். இன்றைய வணிகச் செயலிகளில் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன. அவர் வந்த பாதை வேறு. ஆனால், பிரித்து வை, பிறகு இணை என்ற புத்தி இருவருக்கும் பொது.

நம் மளிகைக் கடையில் வாடிக்கையாளருக்கு ஓர் அட்டவணை, பொருளுக்கு ஓர் அட்டவணை, பில்லுக்கு ஓர் அட்டவணை போட வேண்டும். அந்த அம்மாவின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரே இடத்தில் மட்டும் இருக்கும். பில்லில் அவருடைய எண் மட்டும் வரும். அவர் தொலைபேசியை மாற்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். ஆனால், விற்ற அன்றைய விலையைப் பில்லிலேயே எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மாதம் பருப்பு விலை ஏறும்போது பழைய பாக்கியும் சேர்ந்து ஏறிவிடும். எது பொருளுக்கு உரியது, எது காலத்துக்கு உரியது என்று பிரித்தறியும் இந்தப் பழக்கம்தான் ரங்கநாதனின் முறைக்கும் அடித்தளம். பொருளோடு இடத்தையும் காலத்தையும் அவர் தனித்தனிக் கூறுகளாக வைத்தார்.

நமக்கு இது கடைக் கணக்கோடு முடிகிற விஷயம் அல்ல. தோட்டத்தில் பிறந்த தாத்தாவின் பெயரை எழுதியவர் ஒரு விதமாக எழுத, பிள்ளையின் பத்திரத்தில் வேறு விதமாக விழுந்து, ஓர் எழுத்துக்காகப் பல தடவை அலைந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பெயரை மட்டும் நம்பி ஆளை அடையாளம் காணக்கூடாது, மாறாத தனி எண் ஒன்று வேண்டும் என்பது தரவுத்தளப் பாடத்தின் முதல் பக்கம். நம் மைகார்டில் இருக்கும் 12 இலக்க எண் செய்வதும் அதைத்தான்.

ஓயாத உழைப்பு

ரங்கநாதனின் சொந்த வாழ்க்கை எளிதாக இல்லை. 1928இல் மனைவி ருக்மிணியை விபத்தில் பறிகொடுத்தார். அதே ஆண்டில்தான் நூலகத்துக்கான ஐந்து விதிகள் அவர் மனத்தில் உருவாகின. 1931இல் அவை நூலாயின. வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்பதும், நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் என்பதும் அவற்றின் சாரத்தில் அடங்கும். செயலி வடிவமைக்கும் இளைஞர்களுக்கும் இவை அப்படியே பொருந்தும்.

சென்னையில் இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார் என்பார்கள். பிறகு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 1 லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய நீண்ட முயற்சி இருந்தது. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்து, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவ வைத்தார். 1962இல் பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி அதே ஊரில் காலமானார்.

தரவுத்தளம் படிக்கத் தொடங்கும் தம்பி, தங்கைகள் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். யார் தேடப் போகிறார்கள், எதைத் தேடப் போகிறார்கள், எது மாறும், எது மாறாது என்று எழுதுங்கள். பக்கத்துக் கடைக்காரரிடம் உட்கார்ந்து அவருடைய நோட்டைப் பாருங்கள். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். ரங்கநாதனும் முதல் வாரத்தில் ஓடிப் பார்த்தவர்தான்.